செல்லியம்மனுக்கு நேர்ந்துவிட்டது

சுக்காம்பாறை ஏரிக்குள் அது வந்து நின்ற காலையில் ஊருக்கு வந்த முதல் கவலை, பால் வண்டி எப்படி உள்ளே வரும் என்பதுதான். ஏனென்றால் உடம்பு ஏரிக்குள் நின்றாலும் அதன் வால் கரையேறி இறங்கித் தார் ரோட்டின் குறுக்கே கிடந்தது. பால்காரர் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு, வாலின் மேல் ஏறி இந்தப் பக்கம் குதித்து, "யாரோடதுங்க இது? ஓரமா கட்டக் கூடாதா?" என்று சத்தம் போட்டார். யாருடையது என்று தெரிந்தால்தானே சொல்வதற்கு.

ஊர் அதை மாடு என்றே சொன்னது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், நாலு காலும் ஒரு வாலும் வைத்துக்கொண்டு தழை தின்கிற ஒன்றை வேறென்ன சொல்வது? கால்கள் நான்கும் மண்டபத் தூண் கணக்காக நேராக இறங்கின, முன்காலில் கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் அரிவாள் போல ஒரு நகம் வளைந்து நின்றது, முதுகு கோயில் தகரக் கொட்டகையைவிட உயரமாக இருந்தது, அந்த முதுகிலிருந்து கழுத்து என்று ஒன்று புறப்பட்டால் அது போய்க்கொண்டே இருந்தது, போய்க்கொண்டே இருந்தது, பார்க்கிறவர்களுக்கு அலுப்புத் தட்டும்வரை போய், அதன் முடிவில் இவ்வளவு பெரிய உடம்புக்கு இது எப்படிப் போதும் என்று பரிதாபப்படும்படியாக ஒரு குதிரைத் தலை அளவுக்குச் சின்னத் தலை இருந்தது. முன்வாயில் மட்டும் பென்சில் பென்சிலாகப் பற்கள். ஒரு கிளையை வாய்க்குள் விட்டு, முருங்கைக்கீரையை ஈர்க்கிலிருந்து உருவுகிற மாதிரி சர்ரென்று உருவி, மெல்லாமல் கொள்ளாமல் அப்படியே விழுங்கும். விழுங்கிய தழை கழுத்துக்குள் இறங்கிப் போவதை வெளியே நின்றே பார்க்கலாம். பிறகு அடுத்த கிளை. அசை போடுவதற்கென்று அது ஒருநாளும் படுத்ததில்லை. உள்ளே வயிற்றில்தான் எல்லாம் புளித்து வெந்துகொண்டிருந்தது, கல்யாண வீட்டு அண்டா கொதிக்கிற சத்தம் அங்கிருந்து ஓயாமல் வந்தது.

எங்கிருந்து வந்தது என்ற பேச்சு டீ ஆறுவதற்குள் ஆறிவிட்டது. சுண்ணாம்புக்கல் குவாரிப் பள்ளத்திலிருந்து எழுந்து வந்தது என்றார்கள் சிலர், அந்தப் பக்கம் புழுதியில் பெரிய பெரிய காலடிகள் இருந்தன. இருக்கட்டும், வந்தது வந்துவிட்டது, இப்போது என்ன செய்வது என்பதுதான் பேச்சு.

இளவட்டங்கள் அணுகுண்டு வெடி வாங்கிவந்து விரட்டப் பார்த்தார்கள். அவர்களைத் தடுத்தவள் தையல்நாயகி. ஏரியை ஒட்டி அவளுக்கு ஒரு காணி நிலம், புருஷன் செத்த பிறகு சீமைக்கருவேலம் ஏறி முள்ளாகிப் போன நிலம். ஆளை விட்டு வெட்ட வக்கில்லாமல் அதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தவள் அவள். அது வந்த அன்றே அவள் நிலத்துக் கருவேலத்தில் பாதியை உருவித் தின்றிருந்தது. விடுவாளா? நேராக நாட்டாண்மை கோதண்டபாணியிடம் போனாள்.

"அண்ணே, இவ்ளோ பெரிய காளையை நாம யாரும் வெச்சுக் கட்டி ஆள முடியாது. அம்மனுக்கு நேந்து விட்டுடுங்க. கோயில் மாடாயிட்டா ஊருக்குக் கெடுதல் பண்ணாது."

நாட்டாண்மைக்கு அந்த யோசனை இனித்தது. சுக்காம்பாறையில் செல்லியம்மனுக்கு நேர்ந்துவிட்ட காளை செத்து ரொம்ப நாளாகியிருந்தது, பக்கத்து ஊர்க்காரர்கள் அதைச் சொல்லியே கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு காளை எந்த ஊர்க் கோயிலுக்கு உண்டு?

நேர்ந்துவிட்ட மாட்டுக்கு என்னென்ன முறை என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை அடிக்கக் கூடாது, கட்டக் கூடாது, யார் காட்டில் மேய்ந்தாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. வாசலில் வந்து நின்றால் ஒரு கை தழை கொடுத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதை 'என்னுடையது' என்று யாரும் சொல்லக் கூடாது, வளர்த்தவனே ஆனாலும் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அம்மனோடு பங்குக்குப் போனதாகும், பங்குக்குப் போன வீட்டில் ஓர் உயிரை அம்மன் எடுத்துக்கொள்வாள். கழுத்தில் கட்டுகிற மஞ்சள் துணிக்கும் முறை உண்டு. அதில் இரும்பு படக் கூடாது, அது மண்ணில் விழக் கூடாது, அதை அவிழ்க்கிற கை எதுவோ அந்தக் கைக்காரர் கழுத்துக்கே அது போய்ச் சேரும்.

வீட்டுக்கொரு சேலை வாங்கி மஞ்சளில் நனைத்து ஒன்றோடொன்று முடிந்தார்கள். யோசனை சொன்னவள் என்பதால் கடைசிச் சேலை தையல்நாயகியுடையது. அவள் தன் கூறைப்புடவையையே கொடுத்தாள். ஏரி நடுவில் மிச்சமிருந்த குட்டைத் தண்ணீருக்கு அது கழுத்தை இறக்கிய நேரம், பூசாரி பெரியதம்பி மேளத்தோடு போய்த் துணியைச் சுற்றினார், இறுதி முடிச்சைப் போட மட்டும் தையல்நாயகியைக் கூப்பிட்டார். அவள் இறுக்கிப் போட்டாள். பெண்கள் குலவையிட்டார்கள். காளைதானா என்று வாலைத் தூக்கிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் அந்த வாலைத் தூக்க ஊரில் ஆளேது. இத்தனை பெரிசு பொட்டையாக இருக்குமா என்ன, என்றுதான் ஊர் நினைத்தது.

அது ஆடி மாதம். அப்போது தையல்நாயகியின் ஒரே மகள் செந்தாமரைக்கு ஐந்தாம் மாதம். அவள் புருஷனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, அதனால் வளைகாப்புக்கு முன்னாலேயே தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

முதலில் எல்லாம் நல்லதாகத்தான் நடந்தது. ஏரியில் ஒரு கருவேலம்கூட மிச்சமில்லாமல் போனது, அதன் காலடிக் குழிகளில் ஐப்பசி மழை தேங்கிச் சித்திரை வரைக்கும் நின்றது, அதன் சாணி விழுந்த கொல்லைகளில் மக்காச்சோளம் ஆளை மறைத்தது. தையல்நாயகியின் நிலம் சுத்தமாகி, ஓரமெல்லாம் அவள் வைத்த அகத்தி வளர்ந்தது. அமாவாசை தோறும் ஒரு கட்டு அகத்தியை அவளே தூக்கிக் காட்டுவாள், அதுவும் எங்கிருந்தாலும் அந்தச் சின்னத் தலையை அவளிடம் இறக்கும். வெளியூர்க்காரர்கள் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மதிய வேளையில் அது மூச்சு விட்டால் அந்த மூச்சு கழுத்தெலும்புக்குள்ளெல்லாம் புகுந்து வெளியேறும், அதன் எலும்புகள் உள்ளே கூடு, காற்றுக்கென்றே விட்டுவைத்த அறைகள். அப்போது ஊரில் உள்ள காலிக் குடமெல்லாம் தானாக ஊதும். பெண்கள் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

முதலில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின.

சீக்கு என்று மருந்து வாங்கி ஊற்றினார்கள். பிறகு சினையாடுகள் நாள் தாண்டியும் குட்டி போடவில்லை, வயிற்றைத் தள்ளிக்கொண்டு மேய்ந்துகொண்டிருந்தன. சினை மாடுகள் கன்று ஈனவில்லை. நாள் குறித்திருந்த நான்கு பெண்களுக்கு வலி வரவில்லை. "தலைச்சன்னா இழுக்கத்தான் செய்யும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், அந்த நாலு பேரில் ஒருத்திக்கு அது மூன்றாவது. செந்தாமரைக்கு வளைகாப்புக்கென்று வாங்கிய கண்ணாடி வளையல்கள் பெட்டியிலேயே கிடந்தன, ஏனென்றால் ஏழாம் மாதம் வரவேயில்லை. கார்த்திகையிலும் அவளுக்கு ஐந்து மாதம், தையிலும் ஐந்து மாதம், பங்குனியிலும் ஐந்து மாதம். டவுன் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, தேதியைத் தப்பாகச் சொல்கிறீர்கள் என்று கடிந்துகொண்டு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த முறை அவர் கடிந்துகொள்ளவில்லை. சத்தத்தைக் கூட்டிக் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கவிட்டார்.

அந்தத் துடிப்பைத் தையல்நாயகி அதற்கு முன்னால் கேட்டிருக்கிறாள். அகத்திக் கட்டோடு அதன் நெஞ்சுக்கு அடியில் நிற்கும்போதெல்லாம் கேட்டிருக்கிறாள். ஒருமுறை தொம்மென்று அடித்தால் மறுமுறை அடிப்பதற்குள் ஒரு பீடியைப் பற்ற வைத்துவிடலாம், அத்தனை நிதானம்.

"இப்படியே மெதுவாயிட்டே போனா நின்னுடும்மா. வெளில எடுக்கவும் முடியாது, எடுத்தாப் பொழைக்கிற வளர்ச்சி இல்ல" என்றார் டாக்டரம்மா.

பஸ்ஸில் திரும்பி வரும்போது செந்தாமரை ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தாள். "அம்மா, இது என் வயித்துல இருக்கா இல்லையான்னே தெரியலம்மா. கல்லு மாதிரி கெடக்கு" என்றாள். தையல்நாயகி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அகத்தி ஒடிக்கப் போனவள் தன் நிலத்தில் அது நிற்பதைப் பார்த்தாள். பின்னங்காலால் மண்ணைப் பறித்துப் பறித்து நீளமாக ஒரு பள்ளம் தோண்டியிருந்தது. அந்தப் பள்ளத்தின் மேல் பின்புறத்தைத் தாழ்த்தி நின்று முக்கியது. ஒன்றும் நடக்கவில்லை. நகர்ந்து போய் இன்னொரு பள்ளம் தோண்டியது, மறுபடி தாழ்ந்தது, மறுபடி நிமிர்ந்தது. நிலம் முழுக்கப் பள்ளங்கள், பழைய பள்ளங்களில் புல் முளைத்திருந்தது. எவ்வளவு நாளாகவோ இதைச் செய்துகொண்டிருக்கிறது, சாணிக்கும் சோளத்துக்கும் சந்தோஷப்பட்ட ஊரில் ஒருவரும் இதைக் கவனிக்கவில்லை. கன்று போட முடியாமல் நின்று படுத்து நின்று படுத்துத் தவிக்கிற பசுவைத் தையல்நாயகி பார்த்திருக்கிறாள். ராத்திரியெல்லாம் வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிற மகளையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

"அடிப்பாவி, நீ பொம்பளையா!" என்று கத்திவிட்டாள்.

அது கழுத்தை இறக்கி அவளைப் பார்த்தது. கண்ணோரம் ஈரமாக இருந்தது. கழுத்தில் மஞ்சள் துணி வெயிலில் வெளுத்து, மழையில் சுருங்கி, சதைக்குள் புதைந்து கிடந்தது. அவள் போட்ட முடிச்சு அது.

அன்று மாலையே ஊர்க்கூட்டம் கூட்டச் சொன்னாள். செல்லியம்மன் கோயில் கொட்டகையில் ஊர் உட்கார்ந்தது. அம்மன் காலடியில் உருண்டை உருண்டையான கல் குண்டுகள் எப்போதும் அடுக்கியிருக்கும், குவாரிப் பக்கம் ஓடையில் பொறுக்கியவை. அவற்றுக்கும் பூ வைத்திருந்தார்கள்.

"பொட்டையைக் காளைன்னு நெனச்சு நேந்து கட்டிப்புட்டோம், அண்ணே. அம்மனுக்குக் காளையைத்தான் கட்டுவோம், கருவைச் சொமக்கறதைக் கட்டுனது உண்டா? அதைக் கட்டுனோம், ஊருல உள்ள எல்லா வயித்தையும் கட்டிப்புட்டோம். அவுத்து விட்டுடுங்க, நல்லா இருப்பீங்க" என்றாள் தையல்நாயகி.

கொட்டகை சலசலத்தது. நாட்டாண்மை துண்டை உதறித் தோளில் போட்டார்.

"காளை இல்லன்னு நீ எப்புடிம்மா சொல்ற? சொல்றது சுலபம் தையலு. பொட்டையைக் கட்டுன ஊருன்னு நாலு ஊருக்காரன் சிரிப்பான். அதுவும் இல்லாம, ஏரில தண்ணி நிக்கிதா இல்லையா? வெள்ளாமை ஏறியிருக்கா இல்லையா? அம்மன் குடுத்ததைக் கைவிடச் சொல்றியே."

"எம் மவ வயித்துல இருக்கறது சாவுது அண்ணே."

நாட்டாண்மை தலையைக் குனிந்துகொண்டார். அவர் கெட்டவர் இல்லை, அவர் மருமகளும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அடுப்படியில் நடக்கிறவள்தான். ஆனால் ஊரே மெதுவாகிப் போயிருந்தது, ஒரு கவளத்தை வாயில் வைத்தால் மெல்ல மறந்து விழுங்கினார்கள், ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அரைப்பொழுது எடுத்துக்கொண்டார்கள், பயம்கூட அவர்களுக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று எழுந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு பூசாரி பெரியதம்பி அவள் பக்கத்தில் வந்தார்.

"அவுக்கணும்னா முடிச்சுப் போட்ட கைதான் அவுக்க முடியும், தாயி. ஆனா நேந்தது சும்மா போவாது. அந்தத் துணி ஒங் கழுத்துக்கு வரும். வந்தா நீ நீயில்ல. தெரியுமில்ல?"

"தெரியும்" என்றாள்.

அன்று வீட்டில் செந்தாமரைக்குத் தலை வாரிப் பின்னினாள், சோற்றைப் பிசைந்து ஊட்டினாள், ஒவ்வொரு உருண்டைக்கும் "அம்மான்னு சொல்லு" என்றாள். "இதென்னம்மா பைத்தியம் மாதிரி" என்று மகள் சிரித்தாள், சிரித்துவிட்டு ஒவ்வொரு முறையும் சொன்னாள். போதும் போதும் என்கிறவரை கேட்டுக்கொண்டாள் தையல்நாயகி. அப்படியும் போதவில்லை.

விடிந்ததும் நிலத்துக்குப் போய் ஓரத்து அகத்தி அத்தனையையும் ஒடித்துக் குவித்தாள். அது வந்து, இத்தனை நாள் தூக்கிச் சுமந்த கழுத்தை முழுசாக அந்தத் தழைக் குவியல் மேல் கிடத்தியது. முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. அரிவாளைத் தொட முடியாது, நகத்தால் கெல்லிப் பார்த்தாள், நகம் பெயர்ந்தது. அப்புறம் குனிந்து பல்லால் கடித்தாள். வரப்பில் பூசாரியும் நாட்டாண்மையும் இன்னும் பத்துப் பேரும் வந்து நின்றார்கள்.

"தையலு, வேணாம்! சொன்னாக் கேளு!" என்று நாட்டாண்மை கத்தினார்.

"ஒங்க மருமவளும் இன்னிக்குப் பெத்துருவா அண்ணே. வீட்டுல வெந்நி போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி கடித்தாள். பயமாக இருந்தது அவளுக்கு, வாய்விட்டு அழுதுகொண்டே கடித்தாள், அழுகையும் மஞ்சளும் ரத்தமும் ஒன்றாக ஒழுகின. கூறைப்புடவையின் முந்தி நெகிழ்ந்தது. முடிச்சு அவிழ்ந்தது. துணி நழுவி மண்ணில் விழப் போன நேரம், அவள் அதைத் தாவிப் பிடித்துத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டாள்.

அது எழுந்து, கடைசியாகத் தோண்டிய பள்ளத்தின் மேல் பின்புறத்தைத் தாழ்த்தியது. முட்டைகள் விழுந்தன. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து வந்தவை அத்தனையும் தேங்காயை விடக் கொஞ்சம் பெரிய, உருண்டையான முட்டைகள். அம்மன் காலடிக் குண்டுகளின் அதே பருமன், அதே உருண்டை. வரப்பில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பள்ளத்துக்குப் பள்ளம் நகர்ந்து இட்டுவிட்டு, மண்ணையும் தழையையும் பின்னங்காலால் தள்ளி மூடிவிட்டு, குவாரியைப் பார்த்து அது நடக்கத் தொடங்கியது. இட்டதைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் அதற்கு இல்லை. புழுதி அடங்கியபோது அங்கே எதுவும் இல்லை.

ஊருக்குள் அதற்குள் கூப்பாடு கிளம்பிவிட்டது. கோழிகள் நடு வாசலில் முட்டையிட்டன, ஆடுகள் மேய்கிற இடத்திலேயே குட்டி போட்டன, வர வேண்டிய மாதங்களெல்லாம் ஒரே காலையில் வந்து பெண்களின் வயிற்றில் ஏறின. செந்தாமரையின் வயிறு பார்க்கப் பார்க்க உயர்ந்தது. பக்கத்து வீட்டு முல்லையம்மா ஓடிவந்து, வளைகாப்பு ஆகாமல் பிள்ளை பிறக்கக் கூடாதே என்று பெட்டியைத் திறந்து, வலியில் துடிக்கிறவள் கையில் வளையலை ஏற்றிக்கொண்டிருந்தாள். பாதி வளையல் உடைந்தது, பாதி ஏறியது. உச்சி வெயிலில் பெண் குழந்தை பிறந்து, பிறந்த கையோடு வீறிட்டது. வேகமான, சின்ன, நல்ல நெஞ்சு அதற்கு.

அந்த அழுகையைக் கேட்டுத்தான் தையல்நாயகி தெருவில் ஓடிவந்தாள். எதிரில் வந்தவர்கள் அவள் கழுத்தைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். நாட்டாண்மை செருப்பைக் கழற்றினார். யாரும் "எங்க ஓடுற தையலு" என்று கேட்கவில்லை. அவள் வாசலில் வந்து நின்றபோது, உள்ளே பாயில் கிடந்த மகள் தலையைத் தூக்கினாள். முகமெல்லாம் சிரிப்பாக வாயைத் திறந்தாள்.

முல்லையம்மா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"கூப்புடாதடி! அம்மன் புள்ளைய எடுத்துக்குவா! கூப்புடாத!"

பொத்திய கைக்குள் செந்தாமரை எவ்வளவு நேரம் கதறினாள் என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும். தையல்நாயகி வாசற்படியைத் தாண்டவில்லை. ஒருவரும் அவளை வராதே என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து யாரோ ஒருத்தி ஒரு கை அகத்தித் தழையை அவள் முன்னால் நீட்டி, அவள் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் ஊரில்தான் இருக்கிறாள். எந்தக் கொல்லையிலும் நடப்பாள், எந்தத் திட்டிலும் நிற்பாள், அவளை அதட்ட ஊரில் ஆளில்லை. பேச்சு முதலில் குறைந்தது, அப்புறம் நின்றது. கொடுத்த தழையை மெல்லாமல் விழுங்குகிறாள் என்று சொல்கிறார்கள். பொழுதுக்கும் அவள் நிற்பது தன் நிலத்தில்தான், மூடிய பள்ளங்களின் நடுவில். அங்கே மண் எப்போதும் சூடாக இருக்கிறது, மார்கழிப் பனியிலும் அந்த ஒரு காணியில் மட்டும் பனி இறங்குவதில்லை. கொஞ்ச நாளாகக் கோயிலில் அம்மன் காலடிக் குண்டுகளும் சூடாக இருக்கின்றன என்று பூசாரி நாட்டாண்மையின் காதில் மட்டும் சொல்லியிருக்கிறார். குவாரிப் பக்கம் அப்படிப்பட்ட குண்டுகள் எத்தனை கிடக்கின்றன என்று அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

செந்தாமரையின் மகள் இப்போது நடக்கிறாள், நன்றாகப் பேசுகிறாள். நேற்று முன்தினம் அவர்கள் வீட்டு வாசலில் மஞ்சள் துணி வந்து நின்றது. செந்தாமரை உள்ளே ஓடிப் போய் அகத்தித் தழையை எடுத்து வந்தாள், குழந்தையின் கையில் கொடுத்து நீட்டச் சொன்னாள். தலை குனிந்து தழையை வாங்கியது. குழந்தை அந்த முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"இது யாரோடதும்மா?"

"அம்மனோடது."

"நம்மளோடது இல்லையா?"

செந்தாமரை பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணீர் தாடையில் இறங்கிச் சொட்டியது, துடைக்கவில்லை.

"இல்ல" என்றாள். "தொட்டுக் கும்பிட்டுக்க."

குழந்தை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. தையல்நாயகி கொஞ்ச நேரம் அந்தச் சின்னக் கை பட்ட இடத்தோடு அசையாமல் நின்றாள். பிறகு ஏரிப் பக்கமாகத் திரும்பிக் காதைக் கூர்மையாக வைத்துக் கேட்டாள். அங்கே அவள் நிலத்தில், மண்ணுக்கு அடியில், முட்டை ஓடு உடைகிற சத்தம் தொடங்கியிருந்தது. அவள் அதை நோக்கி நடந்தாள், தெருவில் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.